ஒட்டுப் போட்ட கை

இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தெருவில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு குந்தியிருக்கிறார் எங்கள் தெரு பிளம்பர். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் ஹாரன் அடித்துப் பார்க்கிறார். அசைவில்லை. என்ன ஆச்சு என்று கேட்கிறார். “கொஞ்சம் பேசாம இருங்க. அது பேசுது” என்கிறார் பிளம்பர். ஸ்கூட்டர்காரர் வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போகிறார். எங்கள் தெருவில் இதற்கெல்லாம் யாரும் சண்டைக்குப் போவதில்லை.

பேசுவது நிலத்துக்கடியில் ஓடும் தண்ணீர்க் குழாய். எங்கே கசிகிறது என்பதை அது இவரிடம் மட்டும் சொல்லுமாம். “முனகுச்சுன்னா ஜாயின்ட் விட்டிருக்கு. சீறுச்சுன்னா ஓட்டை. ஒண்ணுமே பேசலைன்னா அதுதான் மோசம்.” வேறு யாராவது இப்படி வாசலுக்கு வாசல் காதை வைத்துக் கேட்டால் முதுகில் நாலு வைத்திருப்பார்கள். இவருக்கு டீ கொடுக்கிறார்கள்.

ஒரு கால்சட்டை மட்டும் முழங்கால்வரை சுருட்டப்பட்டிருக்கும். சுருட்டாத கால் நனைந்திருக்கும். ஏன் இரண்டையும் சுருட்டக் கூடாது என்று ஒருநாள் கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, “அது தோணல சார்” என்றார். சட்டைப் பையில் வெள்ளை டேப் உருண்டை ஒன்று எப்போதும் துருத்திக்கொண்டிருக்கும். நெஞ்சு வலியோ என்று புதிதாகப் பார்ப்பவர்கள் பயப்படும் அளவுக்கு அடிக்கடி அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

கை சும்மா இருக்காது. அதுதான் இந்த மனிதரின் குணம், வியாதி, எல்லாமே. என் வீட்டுக் குழாயைச் சரிசெய்ய வந்தவர், நான் போனில் பேசி முடிப்பதற்குள் மேஜைக்காலின் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். கதவுத் தாழ்ப்பாளில் கழன்றிருந்த திருகாணியை முடுக்கிவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கேட்டபோதுதான் நான் உஷாரானேன். அவர் மனைவி சொல்வதைக் கேட்க வேண்டும்: “கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போனா பொண்ணு மாப்பிள்ளையைப் பாக்க மாட்டாரு. கை கழுவுற இடத்துல போய் நின்னுடுவாரு. சொட்டுற குழாயைப் பாத்தா சோறு இறங்காது.”

பிளம்பர் மனைவியின் தம்பிதான் எங்கள் தெரு டெய்லர். அவர் கடைக்கு மேல் மாடியில் நான் குடியிருக்கிறேன். போன வருடம் வெயில் காலத்தில் அந்தக் கடை வாசலில் ஈரம் பரவியது. பிளம்பர் வந்து கம்பியை ஊன்றிக் கேட்டார், இடத்தைக் குறித்தார், தோண்டினார். முழங்காலுக்கு மேல் ஆழம் போனதும் கடப்பாரை எதிலோ பட்டது. மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அவர் கடப்பாரையை அப்படியே வெளியே வைத்துவிட்டார். “இரும்புச் சத்தம் இல்ல, கல்லும் இல்ல. சட்டிச் சத்தம்” என்று பிறகு சொன்னார். குப்புறப் படுத்துக்கொண்டு கொத்தனார் கரண்டியாலும் விரலாலும் மண்ணை எடுத்தார்.

வெளியே வந்தது ஒரு சுட்ட மண்குழாய். தொடைப் பருமன், செங்கல் நிறம். அதன் ஒடுங்கிய வாய் அடுத்த குழாயின் அகன்ற வாய்க்குள் நுழைந்திருந்தது. அதன் வாய் அதற்கடுத்ததில். பிளம்பர் சாய்வு பார்க்கும் ரசமட்டத்தை எடுத்துக் குழாயின் மேல் வைத்தார். குமிழி மெல்ல நகர்ந்து நின்றது. அவர் அதைப் பார்த்தார், எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். பிறகு அந்தக் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். மயக்கம் போலிருக்கிறது என்று நான் படியிறங்கி ஓடினேன்.

“இந்த வாட்டத்தைப் பாருங்க சார்” என்றார். தண்ணீர் தானாக ஓடுவதற்குக் குழாய்க்குக் கொடுக்கும் சாய்வைத்தான் வாட்டம் என்கிறார்கள். “நான் போட்டாலும் இவ்வளவுதான் குடுப்பேன். கூடவும் இல்ல, குறையவும் இல்ல. யாரு சார் இவன்?”

டெய்லர் எட்டிப் பார்த்தார். “மூடிருங்க மாமா. வெளிய தெரிஞ்சா பழசு கிழசுன்னு சொல்லித் தெருவையே எடுத்துக்குவாங்க. அப்புறம் நான் கடையை எங்க தூக்கிட்டுப் போறது?” அவர் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு தெரு தள்ளி அஸ்திவாரம் தோண்டியபோது பழைய பானைகள் கிடைத்து, யாரும் பார்ப்பதற்குள் உடைத்துக் கொட்டி மூடியதாகக் கேள்வி. பிளம்பர் குழாயின் மேல் ஈரச்சாக்கைப் போர்த்தினார். மறுநாள் காலையில் சுருட்டிய காலும் சுருட்டாத காலுமாகத் தொல்லியல் துறை அலுவலகத்தில் போய் நின்றார்.

அங்கிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். தெருவுக்கு அவர் உடனே ‘மேடம்’ ஆகிவிட்டார். வெயில் தொப்பியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வந்த வேகத்தில் அவரும் தெருவில் குப்புறப் படுத்துக்கொண்டார். குழிக்கு அந்தப் பக்கம் மேடம், இந்தப் பக்கம் பிளம்பர். இரண்டு தலைகளும் ஏறக்குறைய முட்டிக்கொண்டிருந்தன. மேடம் தூரிகையால் மண்ணைத் தள்ளத் தள்ளக் குழாய்வரிசை நீண்டுகொண்டே போனது. சுற்றியிருந்த மண்ணில் கிடந்த பானை ஓடுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ரெண்டாயிரம் வருஷத்துக்குக் குறையாது” என்றார்.

நான் எழுதிப் பிழைக்கிறவன். பெரிய எண்களைக் கேட்டால் பாதியாகக் குறைத்துக்கொள்வது என் பழக்கம். அன்று குறைக்கத் தோன்றவில்லை. நான் தினமும் பால் வாங்கப் போகிற வழியில், செருப்புக்குக் கீழே, யாரோ கை கழுவிய தண்ணீர் ஓடியிருக்கிறது. அவர்களுக்கும் வாசலில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, கொசு கடித்திருக்கிறது, யாரோ யாரையோ திட்டியிருக்கிறார்கள், ஒருவன் வந்து குழாய் போட்டிருக்கிறான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கூச்சமில்லாமல் சொல்கிறேன், கண்ணில் நீரும் வந்தது.

நடுவில் ஒரு குழாயில் நீளமாக விரிசல். அதன் மேல் சுண்ணாம்பும் செங்கல்பொடியும் குழைத்துப் பூசி, உடைந்த பானையின் துண்டு ஒன்றை அழுத்தி ஒட்டுப் போட்டிருந்தது. “பிற்பாடு வந்து யாரோ ரிப்பேர் பண்ணியிருக்காங்க” என்றார் மேடம். அந்தக் கலவையில் என்னென்ன, எந்த அளவில் சேர்த்திருப்பார்கள் என்று விளக்கினார். பிளம்பர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “புதுக் குழாய் மாத்தியிருக்கலாம். மாத்தல. இருக்கிறதைக் காப்பாத்தியிருக்கான். வேலை தெரிஞ்சவன்” என்றார். அன்றிலிருந்து அந்த ஆள் அவருக்கு ‘அவன்’. கூட வேலை பார்க்கிறவனைச் சொல்வது போலத்தான் சொல்வார். “அவன் மட்டும் இருந்தா ஒரு டீ வாங்கிக் குடுத்துப் பேசிட்டு இருப்பேன் சார்.”

மேடம் தெருக்காரர்களைக் கூட்டி வைத்துப் பூசி மெழுகாமல் பேசினார். வீடு எதையும் இடிக்கப்போவதில்லை. ஆனால் இந்த இடத்துக்கென்று தனியாகக் காவலாளி போடவும் முடியாது. தெரு பார்த்துக்கொண்டால் குழாய்வரிசை இங்கேயே இருக்கும். இல்லையென்றால் ஒவ்வொன்றாகக் கழற்றி, நகரத்துக் கிடங்கில் கொண்டுபோய் அடுக்கிவிடுவார்கள். “கழட்டுனா அது வெறும் குழாய். இங்க இருந்தாத்தான் அது ஒரு ஊரோட வடிகால். மழைக்காலம் முடிஞ்சதும் எங்க பெரிய அதிகாரி வந்து பாப்பாரு. முடிவு அவர் கையில. அதுவரைக்கும் தண்ணி மட்டும் உள்ள இறங்கக் கூடாது.”

கழற்றுவது என்ற சொல்லைக் கேட்டதும் பிளம்பரின் முகம் செத்துப்போனது. வாழ்நாளெல்லாம் குழாய் கழற்றிய மனிதர் அவர்.

தண்ணீர் இறங்காமல் இருக்க வேண்டுமென்றால் கசிகிற நகராட்சிக் குழாயை எதிர்ப்பக்கம் மாற்றிப் போட வேண்டும். நகராட்சியில் நடையாய் நடந்து அனுமதி வாங்கினார். வீட்டுக்கு வீடு வாசலில் கொஞ்சம் உடைபட்டது. முனகினார்கள், விட்டார்கள். டெய்லர் மட்டும் மசியவில்லை. அவர் கடைப் படி நேராகப் பழைய குழாயின் மேல் உட்கார்ந்திருந்தது. படி போனால் வாடிக்கையாளர் எப்படி ஏறுவார்? பிளம்பர் வாதாடவில்லை. மச்சானின் கையைப் பிடித்துக் குழிக்குள் இறக்கி அந்த ஒட்டைக் காட்டினார். டெய்லர் அதைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தார். ஒட்டுப் போடுகிற தொழில்தானே அவருக்கும். “ஓரத்தை எவ்வளவு சுத்தமா மடக்கியிருக்கான் மாமா” என்றார். சாயங்காலம் கடப்பாரையை வாங்கித் தன் படியைத் தானே உடைத்தார். இப்போது ஒரு மர ஸ்டூலில் கால் வைத்துத்தான் கடைக்குள் ஏற வேண்டும். பேன்ட் தைக்க வருகிறவர்களுக்கு இடுப்பளவு தெரிகிறதோ இல்லையோ, காலின் நீளம் தெரிந்துவிடுகிறது.

அந்த மழைக்காலத்தை நான் மறக்க மாட்டேன். குழியின் மேல் தார்ப்பாய், சுற்றிலும் மணல்மூட்டை. வீட்டுக்கு ஒரு முறை என்று காவல். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே தார்ப்பாயின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு கொட்டுகிற மழையில் நின்றதைப் பார்த்தேன். பேச்சுவார்த்தை என்னவோ இன்னும் இல்லைதான்.

மழை விட்டதும் பிளம்பர் குழிக்குள் இறங்கிப் பார்த்தார். பழைய ஒட்டு அசையவில்லை. அதற்கடுத்த குழாயின் கழுத்தில் மட்டும் முன்பு மயிரிழை போலிருந்த விரிசல் இப்போது அகன்று நன்றாகவே கண்ணில் பட்டது. மேடத்துக்குப் போன் போட்டார். “தொடாதீங்க. பெரியவரோட நானும் வர்றேன், வந்து பாக்கறேன்” என்றார் மேடம். “சரிங்க மேடம்” என்றார் இவர்.

அவர் மனைவி அடுத்து நடந்ததை என்னிடம் இப்படிச் சொன்னார்: “சாப்பாட்டைப் பிசையறாரு, வாயில வெக்கல. டிவியைப் பாக்கறாரு, என்ன ஓடுதுன்னு கேட்டா தெரியல. ஒருநாள் காலையில என் பூந்தொட்டி உடைஞ்சு கிடந்துச்சு. பூனைன்னாரு. எங்க தெருவுல ஏது பூனை?”

பெரிய அதிகாரி வந்த அன்று தெரு முழுக்க வெளியே நின்றது. நரைத்த மீசை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பூதக்கண்ணாடி. அதிகம் பேசாத மனிதர். குழிக்குள் இறங்கி ஒவ்வொரு குழாயாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பழைய ஒட்டிடம் வந்ததும் நின்று தலையை ஆட்டினார். அடுத்த குழாய்க்குப் போனார். அங்கேயே மண்டியிட்டுவிட்டார்.

“இங்க இன்னொண்ணு இருக்கே” என்றார். குரல் மாறியிருந்தது. “அதே கலவை, அதே மாதிரி ஓட்டுத்துண்டு. அப்போ ஒருதடவை ஏதோ அவசரத்துக்கு ஒட்டினது இல்ல இது. இதைப் பாத்துக்கறதுக்குன்னே ஆள் வெச்சிருந்திருக்காங்க. இது ஒண்ணு போதும். இதை இங்கிருந்து அசைக்கவே கூடாது.”

தெருவில் ஒரு பெருமூச்சு ஓடியது. யாரோ கைதட்டக்கூட ஆரம்பித்தார்கள். நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் ஒவ்வொரு குழாயையும் படம் பிடித்து வரைந்து வைத்திருப்பவர். அந்தக் கழுத்தில் ஒட்டு எதுவும் இருந்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிளம்பரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிளம்பர் சட்டைப்பை டேப் உருண்டையைத் தொட்டார். உதடு அசைந்தது. பக்கத்தில் நின்ற டெய்லருக்கு எப்படியோ விஷயம் விளங்கிவிட்டது. “மாமா, சும்மா இருங்க. காரியம் ஆயிடுச்சு” என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“சார், மன்னிச்சுக்கணும்” என்றார் பிளம்பர். “இது அவன் போட்டது இல்லீங்க. நான் போட்டது. என் வீட்டுப் பூந்தொட்டிங்க அது. மேடம் தொடாதீங்கன்னு சொன்னாங்க. விரிசலைப் பாத்துட்டு என்னால சும்மா இருக்க முடியல.”

பெரிய அதிகாரி எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டக்கூட மறந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. ஏமாந்த கோபம் என்றுதான் நினைத்தேன். “நீங்க சொல்லலைன்னா உங்களுக்கு நல்லதுதானே. எதுக்குச் சொன்னீங்க?” என்று கேட்டார்.

“என் வேலை அவன் பேர்ல ஏறிடும்ல சார்” என்றார் பிளம்பர். “அவன் போட்டது ரெண்டாயிரம் வருஷம் நின்னிருக்கு. என்னோடது அடுத்த மழைக்கு நிக்குமான்னு எனக்கே தெரியாது. உதிர்ந்துச்சுன்னா அவனைத்தானே சொல்லுவாங்க, வேலை தெரியாதவன்னு.”

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “எடுங்க அதை” என்றார்.

மேடம் தன் பெட்டியிலிருந்து மெல்லிய கருவி ஒன்றைக் கொடுத்தார். பிளம்பர் படுத்துக்கொண்டு தான் போட்ட ஒட்டைத் தானே சுரண்டி எடுக்க ஆரம்பித்தார். நுணுக்கமான வேலை அது. பழைய மண்ணில் ஒரு பொட்டுகூடப் பெயரக் கூடாது. மேடம் எதிரே படுத்து விளக்கைப் பிடித்துக்கொண்டு, “மெதுவா, மெதுவா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. யாரும் சொல்லாமலே நாலு பேர் தார்ப்பாயை எடுத்து வந்து இருவர் தலைக்கும் மேலே விரித்துப் பிடித்தார்கள். திட்டத்தான் நினைத்திருப்பார்கள். ஆனால் அந்த முதுகைப் பார்த்தபின் திட்ட வாய் வராது. பூந்தொட்டித் துண்டு கடைசியில் கையோடு வந்தபோது, அடியில் விரிசல் முன்பு இருந்தபடியே இருந்தது.

இதற்கிடையில் பெரிய அதிகாரி தெருவை மேலும் கீழுமாக நடந்து பார்த்துவிட்டார். எதிர்ப்பக்கம் போன புதுக் குழாயைப் பார்த்தார். வாசலுக்கு வாசல் உடைத்துப் பூசியிருந்ததைப் பார்த்தார். டெய்லர் கடைமுன் நின்று, “இங்க இருந்த படி எங்க?” என்று கேட்டார். “அதுக்கு வழி விட்டுட்டேன் சார்” என்றார் டெய்லர், குழியைக் காட்டி. அதிகாரி அந்த ஸ்டூலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து மேடத்திடம் சொன்னார். “கழட்ட வேண்டாம். இங்கேயே இருக்கட்டும். இவங்களே பாத்துக்கட்டும்.” தெரு மூச்சுவிடுவதற்குள் விரலைத் தூக்கினார். “ஆனா ஒரே ஒரு நிபந்தனை. காவலுக்கு இந்த பிளம்பர்தான் பொறுப்பு. இவர் கை மட்டும் இனிமே அதுல படக் கூடாது.”

எல்லோரும் சிரித்தார்கள். பிளம்பர் சிரிக்கவில்லை. “சரிங்க சார்” என்று தலையை ஆட்டியதில் ஒரு சத்தியம் பண்ணுகிற கனம் இருந்தது.

இப்போது அங்கே இரும்புக் கால்களில் ஒரு கூரை நிற்கிறது, சுற்றி இடுப்பளவுக் கம்பி வேலி. வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தெருப் பெண்கள் ஆளுக்கொரு விதமாகக் கதை சொல்கிறார்கள், எல்லாமே ஓரளவு சரியாகத்தான் இருக்கிறது. அந்தக் கழுத்து விரிசலுக்கு என்ன செய்வது என்று மேடமும் அவர் ஆட்களும் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். அவசரப்பட்டுச் செய்கிற வேலை இல்லையாம். வேலைக்குப் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை பிளம்பர் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறார்.

போன வாரம் பால் வாங்கிக்கொண்டு வரும்போது வேலிக்குள் எட்டிப் பார்த்தேன். விரிசலின் ஓரத்திலிருந்து நகக்கண் அளவு ஒரு செதில் பெயர்ந்து உள்ளே கிடந்தது. பிளம்பர் வேலியோரம் நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டினால் எட்டுகிற தூரம். “மச்சான், மேடத்துக்குப் போன் போடு” என்று திரும்பாமலே சத்தம் கொடுத்தார். டெய்லர் கழுத்தில் அளவு நாடா பறக்க ஸ்டூலில் இறங்கி ஓடி வந்து நம்பரை அழுத்தினார். “இந்தாங்க மாமா, பேசுங்க” என்று நீட்டினார். பிளம்பர் வாங்கவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றின் மணிக்கட்டை மற்றொன்றால் இறுகப் பிடித்திருந்தார். விரிசலிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் மேடத்துக்கு எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லி முடிக்கும்வரை, டெய்லர்தான் போனை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.